பீலிக்கரை முள்முருங்கை

மார்ச் மாசம் பாதி தாண்டினால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமுலுக்கு வரும். கொடியில் காய்ந்த துணியை ரெண்டு தடவை உதறாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. சட்டை என்றால் கையை உள்ளே விட்டு, உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது போனில் டோர்ச்சைப் போட்டு பாயின் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அம்மா சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நடக்கப் பழகின மாதிரி இதையும் பழகியிருக்கிறோம்.

எல்லாம் கம்பளிப்பூச்சிக்காகத்தான்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பக்கம் இருக்கிற ஒரு தோட்டம் எங்களுடையது. பெயர் வேண்டாம். பத்து காம்பரா லயம், நாங்கள் மூணாவது காம்பரா. கெம்பஸுக்குப் போகும்வரை இந்தப் பூச்சிக்கு கம்பளிப்பூச்சி என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பேராதனையில் என் ரூமில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை "உது மயிர்க்கொட்டியெல்லோ" என்றாள். மட்டக்களப்புப் பிள்ளை "மசுக்குட்டி" என்றாள். சிங்களப் பிள்ளைக்கு எல்லாப் புழுவும் "தலம்புவா"தான். அன்று ராத்திரி நாலு பேரும் அவரவர் ஊர்ப் புழுக்கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரி, முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி அப்பினால் அவளுடைய அப்பா தடியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, பந்தம் பிடித்து எரிப்பார் என்றாள். "உங்கட பக்கம் என்ன செய்வீங்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. தண்ணி குடிக்கிற மாதிரி எழுந்து போனேன். ஏன் என்று அவளுக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் லயத்துக்கு மேல்பக்கம் ஒரு பீலி இருக்கிறது. மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணி குழாயில் இறங்கி ஒரு சிமெந்துத் தொட்டியில் விழும். பத்து வீட்டுக்கும் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அதுதான். அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய முள்முருங்கை. ஒரு காலத்தில் அதுவரைக்கும் தேயிலை இருந்திருக்க வேண்டும், நிழலுக்கு வைத்த மரம். தேயிலை போய்விட்டது, மரம் மிஞ்சிவிட்டது. மழை இல்லாத மாசி, பங்குனியில் அந்த மரத்தில்தான் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு யாரோ சாக்கு சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். இருட்டினதும் மேலே ஏறி இலையைத் தின்னும். கொஞ்சம் பெருத்ததும் இறங்கி ஊர்வலம் வர ஆரம்பிக்கும். இஸ்தோப்பு, கூரைத் தகரம், விறகு அடுக்கு, துணிக்கொடி, பிள்ளையின் தொட்டில் என்று ஒன்றையும் விடாது.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. மரம் தோட்டத்துடையது. ஒரு கிளையை இறக்கவும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்லி, கடிதம் வந்தால்தான் முடியும். கம்பளிப்பூச்சியை என்ன செய்வது என்று ஒருநாள் போனில் தேடிப்பார்த்தேன். முதலில் வந்ததே "உங்கள் தோட்டத்தில் புழுக்கள் வந்தால்" என்றுதான். சிரிப்பு வந்தது. தமிழில் எல்லோருக்கும் தோட்டம் என்றால் வீட்டைச் சுற்றி இருக்கிற நாலு செடி. எங்களுக்குத் தோட்டம் என்றால் நாங்கள் வேலை செய்கிற இடம், குடியிருக்கிற இடம், எங்களுக்குச் சொந்தமில்லாத இடம். மரம் அவர்களுடையது. அதிலிருந்து விழுகிற மயிர் மட்டும் எங்களுடையது.

எனக்குப் பதினைந்து வயசு இருக்கும். அந்த வருஷம் பூச்சி வழக்கத்தை விட அதிகம். முதலில் அகப்பட்டது அம்மாதான், ஆனால் லயத்தில் இல்லை, மலையில். கொழுந்து எடுக்கும்போது தேயிலை இலைக்கு அடியில் பச்சை நிறத்தில், உடம்பெல்லாம் முள்ளு முள்ளாக ஒரு புழு இருக்கும். நாங்கள் சும்மா முள்ளுப்புழு என்போம். இங்கிலீசில் அதற்கு வைத்திருக்கிற பெயரின் அர்த்தம் காஞ்சொறிப்புழு. கரெக்டான பெயர். தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்வார். கொழுந்து எடுக்கிற கைக்கு இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க நேரம் கிடையாது. அன்றைக்கு ரெண்டு விரல் வீங்கி, மடக்க முடியாமல், அம்மா பதினோரு கிலோவோடு மடுவத்துக்கு வந்தார். பதினெட்டு எடுத்தால்தான் முழுப் பேர். அரைப் பேர்தான் விழுந்தது. "புழு கடிச்சிருச்சுங்க" என்று அம்மா சொன்னதற்கு, "புழு எல்லாத்துக்குந்தான் இருக்கு" என்று பதில் வந்ததாம்.

அடுத்தது நான். மார்ச் கடைசியில் தமிழ்த்தினப் போட்டி, கோட்ட மட்டம். பேச்சுக்கு என் பெயர் போயிருந்தது. ஒரு மாசம் பாடமாக்கி, அப்பாயியை முன்னால் உட்காரவைத்து பேசிப் பேசிப் பழகியிருந்தேன். போட்டி அன்று காலையில் கொடியிலிருந்து டவலை எடுத்து, உதறாமல் முகத்தைத் துடைத்தேன். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் ஒரு கண் மூடிவிட்டது. உதடு தடித்துவிட்டது. அம்மா சாம்பல் தேய்த்தார், அப்பாயி மஞ்சள் அரைத்துப் பூசினார், அத்தை தேங்காய் எண்ணெய் தடவினார். மஞ்சளும் சாம்பலும் எண்ணெயுமாக அழுதுகொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். போட்டிக்குப் போகவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரிட்டன் குளிசை ரெண்டும் கலமைனும் தந்தார்கள். குளிசையைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். எழும்பும்போது போட்டி முடிந்திருந்தது.

கோபம் என்றால் அப்படியொரு கோபம். மூணாம் நாள் முகம் கொஞ்சம் வற்றியதும் கடைசி காம்பரா மாமாவிடம் போனேன். மாமா தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிப்பார். "மாமா, அந்த மரத்துக்கு என்னமாச்சும் அடிச்சுக் குடுங்க மாமா" என்றேன். முதலில் சிரித்தார். நான் மறுபடியும் கேட்டேன். அம்மாவின் விரலைச் சொன்னேன், போட்டியைச் சொன்னேன், அவருடைய பேரப்பிள்ளையின் தொட்டிலில் பூச்சி கிடந்ததைச் சொன்னேன். பேச்சுப்போட்டிக்குப் பழகினதெல்லாம் அவரிடம்தான் செலவானது. ரெண்டு நாள் கழித்து, யாரும் கேட்காமலேயே ஒரு சோடாப் போத்தலில் ஏதோ கொண்டுவந்தார். அதில் லேபிள் இல்லை. என்ன மருந்து என்று அவருக்கும் தெரியாது. "இது கடுமையானது பாப்பா, ஒண்ணும் மிஞ்சாது" என்றார்.

சாயங்காலம் அடித்தார். ஒன்றும் மிஞ்சவில்லைதான்.

விடியக்காலையில் தண்ணி எடுக்கப் போன அத்தை கத்தின சத்தத்தில்தான் லயமே எழும்பியது. தொட்டி முழுக்கப் பூச்சி மிதந்தது. தண்ணிக்கு மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். தொட்டிக்குக் கீழே வழிகிற தண்ணியில் மேய்கிற எங்கள் கோழிகளில் மூணு செத்துக் கிடந்தன. ரெண்டு அம்மாவுடையது, ஒன்று முத்து அண்ணன் வீட்டுடையது. யாரும் அந்தத் தண்ணியைக் குடித்திருக்கவில்லை. அதற்கு ஒரே காரணம், அன்றைக்கு முதலில் போன அத்தைக்குக் கண் நல்லாத் தெரிந்தது. அஞ்சு மணி இருட்டில் அரைத்தூக்கத்தில் நான் போயிருந்தால் குடத்தை அப்படியே முக்கியிருப்பேன்.

தொட்டியைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, மறுபடி மறுபடி கழுவினார்கள். ஒரு வாரம் கீழ் லயத்துப் பீலியிலிருந்து தண்ணி சுமந்தோம். கொழுந்துக்கூடை இறக்கின தோளோடு அம்மா குடம் தூக்கினார். யாரும் மாமாவைத் திட்டவில்லை, அதுதான் அவரை அதிகம் கொன்றிருக்கும். நான் கேட்டதால்தான் செய்தார் என்று அவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பாயிக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நஞ்சுக்குக் கண்ணு இருக்காத்தா, புழுவ மட்டும் பாத்துக் கொல்ல?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வருஷம் பூச்சி வரவில்லையா என்றால், வந்தது. கூடவே வந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

இதற்கு விளக்கம் எனக்குக் கிடைத்தது ஆறேழு வருஷம் கழித்து, பேராதனை லைப்ரரியில். வேறொரு அசைன்மன்டுக்காகத் தோட்டத்துப் பழைய பத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, தேயிலைப் பூச்சிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

தேயிலை இலையைச் சுருட்டி, நூலால் தைத்து, உள்ளே இருந்து தின்னும் ஒரு பச்சைப்புழு இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், சுருண்ட இலையைப் பிரித்தால் பின்பக்கமாகத் துள்ளி நூலில் தொங்கும். கடிக்காது. விஞ்ஞானப் பெயர் ஹொமோனா கொஃபியாரியா. பெயரில் தேயிலை இல்லை, கோப்பிதான் இருக்கிறது. 1861ல் நீட்னர் என்பவர் இதற்குப் பெயர் வைத்தபோது இந்த மலையில் இருந்தது கோப்பி. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார், 1869ல் கோப்பி இலையில் துரு நோய் தெரிய ஆரம்பித்தது, கொஞ்சக் காலத்தில் கோப்பி அழிந்தது. பயிர் மாறியது. புழு மாறவில்லை, கோப்பிக்கு வந்தது தேயிலைக்கும் வந்தது. கோப்பிக்காகக் கூட்டிவரப்பட்ட எங்கள் ஆட்களும் அப்படித்தானே, பயிர் மாறினாலும் லயம் மாறவில்லை.

தேயிலையில் அந்தப் புழு பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. முட்டைகளை மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காக இலையில் ஒட்டிவைக்கும், அதைத் தேடித்தேடிக் கையால் பொறுக்குவது அந்தக் காலத்து வழிகளில் ஒன்று. பிறகு 1930களின் நடுவில், தேயிலை ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். 1925ல் தொடங்கின நிலையம் அது, தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருப்பது. நுவரெலியா பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை அதன் பெயர்ப்பலகையைத் தாண்டியிருக்கிறேன். ஜாவாவிலும் இதே புழு உண்டு, ஆனால் அங்கே அதை அடக்கி வைக்க ஒரு குட்டிக் குளவி இருந்தது. பெயர் மெக்ரோசென்ட்ரஸ். புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்று வெளியே வரும். 1935, 36ல் அந்தக் குளவியை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து, இங்கே வளர்த்து, மலையில் விட்டார்கள். பரவியது. புழு அடங்கியது. பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்கினதற்கு உலகத்தில் சொல்லப்படுகிற நல்ல உதாரணங்களில் இதுவும் ஒன்று.

குளவி என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கொழுந்து மலையில் குளவி கொட்டி இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி இல்லாத மாசம் கிடையாது, செத்தவர்களும் உண்டு. அதே சாதியில், கொசு அளவில், எங்களை ஒன்றும் செய்யாத ஒரு குளவி தொண்ணூறு வருஷமாக அதே மலையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பிரட்டுக்கு வராது, பேர் கேட்காது. அதன் பெயர்கூட எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது.

கதை இதோடு முடியவில்லை. 1950களிலும் 60களிலும் தேயிலைத் தண்டைத் துளைக்கிற ஒரு சின்ன வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அடித்த இடங்களில், எவ்வளவோ காலமாக அடங்கிக்கிடந்த இலைசுருட்டிப் புழு திடீரென்று பெருகியது. வண்டுக்கு வைத்த மருந்து குட்டிக் குளவியையும் கொன்றிருந்தது. காவல்காரன் செத்தான், கள்ளன் திரும்பி வந்தான். 1962ல் ரேச்சல் கார்சன் அமெரிக்காவில் 'சைலன்ட் ஸ்ப்ரிங்' எழுதி உலகத்தையே உலுக்கினாரே, அவர் எச்சரித்த மருந்துகளில் டீல்ட்ரினும் ஒன்று. 2001ல் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகள் கூடி ஒழிக்கத் தீர்மானித்த முதல் பன்னிரண்டு நஞ்சுகளிலும் அது இருந்தது.

லைப்ரரியில் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பீலிக்கரையில் என்ன நடந்தது என்று நிச்சயமாக என்னால் சொல்ல முடியாது. அந்தப் போத்தலில் இருந்ததும் டீல்ட்ரின் இல்லை, அது எப்போதோ தடையாகிவிட்டது. ஆனால் "ஒண்ணும் மிஞ்சாது" என்று மாமா சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. கம்பளிப்பூச்சியைத் தின்கிற எதுவும் மிஞ்சாது. அப்பாயி ஒரு வரியில் கேட்டதை, பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஒரு நாட்டுத் தேயிலையை வைத்துப் படித்திருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இலையைத் தின்ற புழுவுக்காக ஜாவாவிலிருந்து கடல் தாண்டிக் குளவி வந்தது. அதற்கென்று ஒரு நிலையம், ஆராய்ச்சி, வெளியீடுகள், எல்லாம் வந்தன. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, தேயிலை இல்லாவிட்டால் எங்களுக்கும் சோறு இல்லை. ஆனால் கையைக் கொட்டின புழுவுக்கு என்ன வந்தது? அம்மாவின் அம்மாவுக்குச் சாம்பல். அம்மாவுக்குச் சாம்பல். எனக்குச் சாம்பலும் ரெண்டு குளிசையும். முள்ளுப்புழு இலையை எவ்வளவு தின்கிறது என்று தேயிலைப் புத்தகங்களில் இருக்கிறது. அது கொட்டின அன்றைக்கு அரைப் பேர் விழுந்ததை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அது செக்ரோலில்தான் இருக்கும், அதிலும் காரணம் எழுதியிருக்காது.

இந்த வருஷம் மார்ச்சில் வீட்டுக்குப் போனபோது மரத்தில் பூச்சி ஆரம்பித்திருந்தது. இன்னும் குட்டி. நான் மாமாவிடம் போனேன். இப்போது அவர் ரிட்டயர். "மாமா, வாங்க, அந்த மரத்துக்கு ஏதாச்சும் செய்வோம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்தவாட்டி போத்தல் இல்ல மாமா, வாளி" என்றேன்.

செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பகலில் அது அடிமரத்தில் கூட்டமாகக் கிடக்கும், அதுவும் குட்டியாக இருக்கும்போது ஊர்வலம் போகாது. அப்போதே பிடித்துவிட வேண்டும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் டபுளாக பொலித்தீன் பை, கண்ணுக்கு என் தம்பியின் பைக் ஹெல்மெட். நீளக் கம்பின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, தொட்டியைப் படங்கால் மூடிவிட்டு, கூட்டம் கூட்டமாக வழித்து சவர்க்காரத் தண்ணி வாளியில் தள்ளினோம். காற்று அடிக்காத விடியக்காலையில் செய்தோம், காற்று இருந்தால் மயிர் பறக்கும். எரிக்கவில்லை. எரித்தாலும் காய்ந்ததைக் கூட்டினாலும் மயிர் மேலே எழும்பி மூச்சிலும் கண்ணிலும்தான் போகும். செத்த பூச்சியின் மயிரும், அது கழற்றிப்போட்ட தோலும், கூடும்கூட அரிக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால் வாளியில் உள்ளதைக் குழி தோண்டிப் புதைத்தோம். இஸ்தோப்பைத் தண்ணி தெளித்துக் கழுவினோம், விளக்குமாறு எடுக்கவில்லை. மூணு காலை. முதல் நாள் மாமாவும் நானும்தான். ரெண்டாம் நாள் அத்தை வந்தார். மூணாம் நாள் ஹெல்மெட்டுக்கு லைன் நின்றது.

எல்லாம் ஒழிந்துவிடவில்லை. உயரத்தில் இருந்தது மிஞ்சியது. மிஞ்சட்டும், அதைத் தின்ன வருகிற குருவிக்கும் எங்கள் பக்கத்துக் குட்டிக் குளவிக்கும் ஏதாவது வேண்டுமே. பிள்ளையின் தொட்டிலுக்கு வரவில்லை, அது போதும்.

பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் இந்தத் தடவை லயத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் காரியம், தேய்க்கக் கூடாது. சாம்பலோ மஞ்சளோ துணியோ, எதைக் கொண்டு தேய்த்தாலும் மயிர் உள்ளேதான் இறங்கும். அன்றைக்கு என் முகம் அப்படி வீங்கினதற்கு டவலும் காரணம், அதற்குப் பிறகு மூணு பேர் பாசத்தோடு தேய்த்ததும் காரணம். செலோடேப்பை பட்ட இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. பிறகு சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் கழுவுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள், ஹட்டன் பீலித்தண்ணி என்றால் ஐஸே வேண்டாம். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணியால் கழுவி உடனே டொக்டரிடம் போங்கள், அந்த மயிர் கண்ணுக்குள் இறங்கினால் பார்வைக்கே ஆபத்து. மூச்சு இழுத்தாலோ, நாக்கோ தொண்டையோ வீங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. லயத்துக்கு ஒரு செலோடேப் என்று பத்து வாங்கினேன். இப்போது எங்கள் வீட்டில் அது திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு சோடி கையுறை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மெல்லிய ரப்பர். போட்டுப் பார்த்தார், ரெண்டு நாள் மலைக்கும் கொண்டுபோனார். மூணாம் நாள் அடுப்புக்கு மேலே செருகியிருந்தது. "கொழுந்து எது, முத்தல் எதுன்னு வெரலுக்குத் தெரிய மாட்டேங்குது பாப்பா. கிலோ வராது" என்றார். நான் வாங்கிவந்த சாமான் அம்மாவின் வேலை தெரியாமல் செய்த சாமான். அம்மாவின் விரலுக்குத் தெரிகிறதை மறைக்காமல் அம்மாவின் விரலைக் காப்பாற்றுகிற ஒரு கையுறையைச் செய்ய இந்த நாட்டில் யாருக்கும் முடியாதா? ஜாவாவிலிருந்து குளவி கொண்டுவர முடிந்ததே. அது முடியாவிட்டாலும், புழு கொட்டின அன்றைக்கு முழுப் பேர் போட ஒரு விஞ்ஞானமும் வேண்டியதில்லை.

திரும்பி வருகிற அன்று ஹட்டன் டவுனில் சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சீசன், ஸ்டேஷனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி பஸ்கள் நிரம்பி வழியும். சீசன் நேரத்தில் சில நாட்கள் மஞ்சளும் வெள்ளையுமாக வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்து போகும். மலையைக் கும்பிடத்தான் போகின்றன என்று சொல்வார்கள், சிங்களத்தில் அந்த மலைக்கு சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை என்றே ஒரு பெயர் இருக்கிறது. அவை பறந்து போகும்போது அப்பாயி கையெடுத்துக் கும்பிடுவார். சின்ன வயசில் நான், நம்ம மரத்துக் கம்பளிப்பூச்சிதான் இப்படிப் பறக்கிறது என்று நம்பியிருந்தேன், ஸ்கூலில் அப்படித்தானே படம் போட்டிருக்கும். அது உண்மையில்லை. நம் கம்பளிப்பூச்சி வளர்ந்தால் ராத்திரியில் விளக்கைச் சுற்றுகிற மங்கல் நிற அந்துப்பூச்சிதான் ஆகும். அந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளில் பல, எங்கோ ஒரு கொன்றை மரத்து இலையைத் தின்று வளர்ந்த, யாரையும் கொட்டாத புழுக்கள்.

இதை அப்பாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்ம பூச்சி சாமி கும்பிடப் போகாதா?" என்றார்.

"போகாது அப்பாயி."

"சரி விடு. நாமளும் போயி எத்தன வருஷமாச்சு."

அடுத்த சீசனுக்கு அப்பாயியைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். முழுக்க ஏற முடியாது, நல்லதண்ணி வரைக்குமாவது. அதற்குப் பிறகு மார்ச்சில் வீட்டில் இருப்பேன். வாளியும் கம்பும் விறகு அடுக்குக்குப் பின்னால் இருக்கின்றன. ஹெல்மெட்டைத் தம்பி திருப்பிக் கேட்கிறான்.